ஆறாவது கோப்பு

பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் கோப்புகளில் ஆறு கெட்டுப்போயிருக்கின்றன என்று சோதனைக் கருவி சொன்னது. எந்த ஆறு என்று சொல்லவில்லை.

2009 பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை. ஜெனி துவாரகாவிலிருந்து மெட்ரோ ஏறி, பாதியில் இறங்கி, காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் பஸ்ஸில் குலுங்கி ஒக்லா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு முதலில் திறந்தது அந்த வாராந்திர அறிக்கையைத்தான். ஆறு மாதமாக அதில் ஒரே மாதிரி வரி வந்துகொண்டிருந்தது: கெட்டுப்போனவை 0, நிலை ஆரோக்கியம். இன்றைக்கு 6, நிலை பழுது.

அந்தச் சின்னக் கம்பெனியின் வேலை ஒரு கண் மருத்துவமனைக்காகப் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது. எட்டு மாதம்கூட ஆகாமல் அவசரப்பட்டுப் பிறந்துவிடும் குழந்தைகளுக்கு, கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்துவிடுவது உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரியான நேரத்தில் லேசர் வைத்தால் பார்வை பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். அதற்காகத் தில்லியின் பல பிரசவ ஆஸ்பத்திரிகளில் ஒரு கேமராவைக் கொடுத்து, பத்து நாளுக்கு ஒரு தடவை அந்தக் குழந்தைகளின் கண்ணைப் படம் எடுக்கச் செய்திருந்தார்கள். நர்ஸ் படம் எடுத்து அனுப்புவாள். கண் மருத்துவமனையில் டாக்டர் திங்கட்கிழமைகளில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து, யாரை அழைத்து வர வேண்டும் என்று சொல்வார்.

படங்கள் இருந்தது ஒக்லாவில், பதினெட்டு மலிவு விலைக் கம்ப்யூட்டர்களில். ஒரு மெஷின் செத்தாலும் படம் சாகக்கூடாது என்று ஒவ்வொரு கோப்பையும் மூன்று நகலாக மூன்று வெவ்வேறு மெஷினில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சோதனைக் கருவி பதினெட்டு மெஷினையும் சுற்றி வந்து, நகல்களைப் படித்துப் பார்த்து, மூன்றுமே பழுதான கோப்புகளை எண்ணிச் சொல்லும்.

போன ஞாயிற்றுக்கிழமை மெஷின் அறையின் ஏ.சி. நின்றுபோய், வெப்பத்தில் இரண்டு மெஷின்களின் டிஸ்க்குகள் ஒரே மதியத்தில் போயிருந்தன. மூன்றாவது நகல் இருக்கிறதே என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆறு கோப்புகளுக்கு அந்த மூன்றாவது நகலும் முன்பே கெட்டிருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெனி அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணனின் மேஜைக்குப் போனாள். அவர்தான் அந்தச் சோதனைக் கருவியை எழுதியவர். நாற்பத்தைந்து வயது. லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். வீட்டுத் தமிழை விடாமல், இடையிடையே இந்தி கலந்து பேசுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. வேலைப் பளு அதிகம், அவ்வளவுதான்.

"ஆறுதானே?" என்றார் காகிதத்தைப் பார்த்துவிட்டு. "பதினோரு லட்சத்துல ஆறு. டெலீட் ஸ்விட்சப் போட்டு ஒரு தடவை ஓட்டிடு. கெட்டதெல்லாம் போயிடும், ஹெல்தின்னு வந்துடும். திங்கக்கிழமை ஹாஸ்பிடல்லேர்ந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரா. இத அவா கண்ணுல காட்ட வேண்டாம்."

"எந்த ஆறுன்னு போடலியே சார்."

"டூல் அதச் சொல்லாதும்மா. ஆரம்பத்துல பேரெல்லாம் வந்துண்டுதான் இருந்தது. மேனேஜர் அந்த லிஸ்ட்டப் பாத்தாலே பயந்துக்கறார், படிக்கிறதும் இல்ல. ஒரு நம்பர் போதும்னார். எடுத்துட்டேன்."

"எத அழிக்கிறேன்னு தெரியாம எப்படி சார் அழிக்கிறது?"

"அதுல அழிக்க என்ன இருக்கு, சொல்லு. மூணு காப்பியும் போயாச்சு. செத்துப்போனதத் தூக்கி வெளில போடறோம், அவ்ளோதானே?"

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஜெனி தன் இடத்துக்கு வந்து கட்டளையைத் தட்டச்சும் செய்தாள். எண்டர் மட்டும்தான் பாக்கி. கை போகவில்லை. வீட்டில் பழைய காகிதங்களைக் கபாடிக்காரனுக்குப் போடும்போதுகூட ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே கட்டுகிறோம் என்று தோன்றியது. எழுந்து மறுபடியும் அவரிடம் போனாள்.

"சார், எனக்கு லஞ்ச் வரைக்கும் டைம் குடுங்க. பேர மட்டும் எடுத்துப் பாத்துடறேன். அப்புறம் நானே டெலீட் போடறேன்."

அனந்தகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "அச்சா, பண்ணு. ஜல்தி."

கருவியின் உள்ளே போய்ப் பார்த்தால், பெயர் எங்கும் தொலைந்துபோகவில்லை. ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லித்தான் அது திறந்தது. மூன்று நகலும் சரியில்லை என்று தெரிந்ததும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, கையில் இருந்த பெயரைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. அந்த இடத்தில் ஜெனி சில வரிகள் சேர்த்தாள்: கெட்டதைக் கண்டால் பெயரை எழுது, எந்தெந்த மெஷினில் தேடினாய் என்றும் எழுது. அவ்வளவுதான். ஆனால் கருவி பதினெட்டு மெஷினையும் சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

அவள் டப்பாவைத் திறந்து, அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பெயர் வந்தது. ஒன்றரைக்குள் ஆறும் வந்துவிட்டன.

முதல் மூன்றைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கேமரா வாங்கிய புதிதில் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கண்ணை எடுத்த படங்கள் அவை. நான்காவதும் ஐந்தாவதும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய குழந்தைகள். சோதனையெல்லாம் முடிந்து, கண் நன்றாக இருக்கிறது என்று கணக்கு மூடப்பட்டவர்கள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டே ஆறாவது வரிக்கு வந்தாள்.

அதில் இருந்த தேதி போன வாரம் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி எண் 07. இரண்டாவது சோதனை.

எட்டு நாள் முந்தைய படம். இந்த வாரத் திங்கட்கிழமை டாக்டர் பார்த்திருக்க வேண்டிய படம். ஏ.சி. நின்றது அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை.

டாக்டர் படங்களைப் பார்க்கும் மருத்துவமனைத் திரையைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து, ஜெனி கோப்பின் பெயரில் இருந்த பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தாள். அந்த வாரத்துப் பட்டியலிலேயே அது இல்லை. திறக்கிற படங்களை மட்டும் அந்தத் திரை வரிசைப்படுத்திக் காட்டும். திறக்காததைப் பேச்சுமூச்சில்லாமல் தாண்டிப் போய்விடும். அப்படியானால் டாக்டர் இந்தக் குழந்தையை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது.

07 என்பது போகலில் உள்ள ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே கேமரா தங்கம் சிஸ்டரின் பொறுப்பு. நாகர்கோவில்காரர். மெஷின் மக்கர் பண்ணினால் ஜெனிக்குத்தான் போன் செய்வார். இரண்டு வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு பதிவு எண் சொல்றேன். யாருன்னு பாருங்க."

"நில்லு மக்ளே, ரெஜிஸ்டர எடுக்கேன்." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "ஆங். அம்மா பேரு பவுனு. பொம்பளப் பிள்ள. பொறக்கும்போது ஆயிரத்து இருநூறு கிராம்தான் இருந்தது, நல்லா ஞாபகம் இருக்கு. நம்ம தமிழ்க்காரிதான். என்னத்துக்குக் கேக்க?"

"போன வியாழக்கிழமை எடுத்த படம் இங்க கெட்டுப்போச்சுக்கா. டாக்டர் பாக்கவே இல்ல."

"பாக்கலியா? நான் போன் வரலன்னதும் எல்லாம் சரியா இருக்குன்னுல்லா நெனச்சேன்! அவகிட்டயும் அப்பிடித்தான சொல்லி அனுப்பினேன். ஏதாவது உண்டுன்னா போன் வரும், இல்லன்னா பத்து நாள் கழிச்சு வான்னு."

"அக்கா, உங்க லேப்டாப்புல அந்தப் படம் இருக்குமா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை முந்தின வாரத்துது எல்லாம் அழிச்சிருவேன், இடம் கிடையாது பாத்துக்க. நாளைக்குத்தான் சனிக்கிழமை." லேப்டாப் திறக்கும் ஓசை. "இருக்கு! மக்ளே, இருக்கு. மாதாவே!"

"இப்பவே எனக்கு அனுப்புங்கக்கா" என்றாள் ஜெனி.

தங்கம் அனுப்பிய படம் வந்து சேர இருபது நிமிடம் பிடித்தது. ஜெனி அதைத் திறந்தாள். பதினோரு லட்சம் கோப்புகளைக் காவல் காத்தவள், ஒரு படத்தைக்கூட இதுவரை நின்று பார்த்ததில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் மெல்லிய சிவப்பு வேர்கள். வேர்கள் நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து போய், ஓரத்தில் ஒரு வெளிறிய கோட்டில் முட்டி நின்றன. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்தைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் மேதாவின் அறைக்குப் போன் செய்து, உடனே பார்க்கச் சொன்னாள்.

பத்து நிமிடத்தில் மேதாவே கூப்பிட்டார். தில்லியில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழ் பாதிக்கு மேல் இந்தியும் ஆங்கிலமுமாக இருக்கும்.

"யே ஃபோட்டோ எங்கேர்ந்து வந்தது? என் லிஸ்ட்ல இந்த பேபி இல்லவே இல்லையே!"

ஜெனி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மேதா திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"கேளு. முதல் ஃபோட்டோவ விட இதுல ரொம்ப ஜாஸ்தி ஆகியிருக்கு. இது எட்டு நாள் முன்னாடி, இப்போ இன்னும் ஜாஸ்தி ஆகியிருக்கும். லேசர் பண்ற டைம் இன்னும் இருக்குன்னு நெனைக்கிறேன். ஆனா இன்னிக்கே பண்ணணும். ஆஜ் ஹீ. நான் தியேட்டர் ரெடி பண்ணி வெக்கிறேன். பேபிய கொண்டு வாங்க."

ஜெனி போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அனந்தகிருஷ்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. திரையில் ஆறு பெயர்களும் இருந்தன. கீழே, அவள் காலையில் தட்டச்சு செய்து விட்டுவைத்த அழிப்புக் கட்டளையும் இருந்தது.

"நான்தானே போடச் சொன்னேன்" என்றார். "போட்டிருந்தா... இந்நேரம் ஹெல்தின்னு வந்திருக்கும்."

"போடல சார். அத விடுங்க. இப்போ அவங்களக் கண்டுபிடிக்கணும்."

தங்கத்தின் ரெஜிஸ்டரில் பவுனுவின் கணவன் பெயர் பெரியண்ணன் என்று இருந்தது. பதிவாகியிருந்த போன் எண் ஜங்க்புராவில் அவள் வேலை பார்த்த வீட்டினுடையது. அந்த வீட்டம்மா, பிரசவத்துக்குப் பிறகு அவள் வேலைக்கு வருவதில்லை, நாலா என்கிற பெரிய சாக்கடையின் ஓரத்துக் குடிசைகளில் மதராசிகள் இருக்கும் பகுதியில் இருக்கிறாள், வீட்டு எண் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார். தங்கத்துக்கு அன்று மதியம் இரண்டு பிரசவம், நகர முடியாது.

அனந்தகிருஷ்ணன் இழுப்பறையைத் திறந்து கார் சாவியை எடுத்தார். "வா."

அவருடைய பழைய மாருதியில் ஒக்லாவிலிருந்து ஜங்க்புரா போகும் வழியெல்லாம் தோண்டிப் போட்ட பள்ளம், தகரத் தடுப்பு, நகராத லாரி. அவர் ஹாரனை விடவே இல்லை. ஆசிரமம் சிக்னலில் நின்றபோது, "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா தெரியுமோ? பத்தாங் கிளாஸ்" என்றார். சிக்னல் மாறியதும் மறுபடி ஹாரனை அழுத்தினார்.

நாலா ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் சந்துக்குள் இறங்கினார்கள். ஒரு பக்கம் கறுப்பாகச் சாக்கடை, மறுபக்கம் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள். கதவுகளில் மாவிலைத் தோரணம். எங்கோ தமிழ் டி.வி.யின் சத்தம். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடங்களை வரிசையில் போட்டு நின்றார்கள்.

"பவுனுன்னு ஒருத்தங்க இருக்காங்களா? வீடு எதுன்னு தெரியுமா?" என்று ஜெனி கேட்டாள்.

எல்லாரும் அவள் கையில் இருந்த அச்சுத் தாளையும், அனந்தகிருஷ்ணனின் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் பார்த்தார்கள்.

"அப்பிடி ஆரும் இங்க இல்ல" என்றாள் ஒரு வயதான பெண்.

"பெரியண்ணன்னு அவங்க வீட்டுக்காரரு..."

"இல்லங்கறமே. எத்தினி வாட்டிதான் பேரு எழுதினு போவீங்க? போன மாசந்தான் ஒருத்தரு வந்து எழுதினு போனாரு. வூட்ட இடிக்கத்தான?"

அப்போதுதான் ஜெனிக்கு விளங்கியது. விளையாட்டுப் போட்டிக்காக நகரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று குடிசைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த நேரம். தாளோடு வந்து பேர் கேட்பவர்கள் எதற்கு வருவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

"நாங்க சர்வே இல்லம்மா" என்றார் அனந்தகிருஷ்ணன். "ஆஸ்பத்திரிக்காரா. குழந்தைக்காக வந்திருக்கோம்."

"எந்தக் கொழந்தையும் இல்ல, போங்க." அந்த வயதானவள் குடத்தை நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், வீட்டு வாசலில் ஒரு மெலிந்த பெண் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தோளில் பழைய ஷால். ஷாலுக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி, கதவைச் சாத்தவும் மனமில்லாமல் வெளியே வரவும் துணியாமல் நின்றாள். ஜெனி அவளைப் பார்த்தாள். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஜெனி தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, போனை எடுத்துத் தங்கத்தைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள். "அக்கா, இங்க யாரும் எங்கள நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே பேசுங்க, எல்லாருக்கும் கேக்குது."

போனிலிருந்து தங்கத்தின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "பவுனு! ஏட்டி பவுனு! நான் தங்கம் சிஸ்டரு. அந்தப் பிள்ளைங்க சொல்லுகத கேளு. அவங்க நம்ம ஆளுக. கொழந்தயத் தூக்கிட்டு அவங்க கூடக் கிளம்பு, கேட்டியா? நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகேன்."

வாசலில் நின்ற பெண்ணின் முகம் மாறியது. "சிஸ்டரம்மா கொரலு" என்றாள். படியை விட்டு இறங்கி வந்தாள். "நாந்தான் பவுனு."

ஷாலை விலக்கினாள். உள்ளே ஒரு பிடி அளவு முகம்; கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு எம்புள்ளைக்கு? ஏதாச்சும் இருந்தா போன் வரும்னாங்களே. போனே வரல. நல்லாத்தான் இருக்குதுன்னு மாரியாத்தாளுக்குக் கூழ்கூட ஊத்திட்டேனே."

இதற்கு என்ன சொல்வது என்று ஜெனி வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னாள். "போன் வந்திருக்கணும். வரல. அது எங்க தப்பு. குழந்தையோட கண்ணுப் படம் எங்க மெஷின்ல கெட்டுப்போச்சு, டாக்டர் பாக்கல. இன்னிக்குத்தான் பாத்தாங்க. கண்ணுக்கு லேசர் வெக்கணும், இன்னிக்கே வெக்கணும். இன்னும் நேரம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

பவுனு அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று ஜெனி நினைத்தாள். பவுனு திரும்பி அந்த வயதானவளிடம், "அத்த, அவரு ஒக்லா மண்டியில கீறாரு, சொல்லி அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் காரை நோக்கி நடந்தாள். ஓடிவந்த ஒரு பெண் செருப்பையும் பால் பாட்டிலையும் கார் ஜன்னல் வழியே கொடுத்தாள்.

கண் மருத்துவமனையில் மேதா வாசலிலேயே காத்திருந்தார். குழந்தையின் கண்ணில் மருந்து ஊற்றி, கண்ணின் பாவை விரியும்வரை அரை மணி நேரம். பிறகு தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். பவுனு கையைக் கூப்பியபடி நின்றாள். அனந்தகிருஷ்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சில நிமிடங்களில் ஜெனி தன் வாழ்நாளில் செய்யாத ஜெபமெல்லாம் செய்தாள்.

மேதா நிமிர்ந்தார். "உள்திரை இன்னும் விலகல" என்றார். "டீக் ஹை. பண்ணிடலாம்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் பெரியண்ணன் மண்டியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தான். சட்டை முழுக்க வெங்காயத் தோல். தங்கமும் வந்தார். ஜெனி நினைத்திருந்ததைவிடக் குள்ளம், நினைத்திருந்ததைவிடச் சத்தம். வந்ததும் ஜெனியைப் பிடித்து ஒரு தடவை இறுக்கி அணைத்துவிட்டு, பவுனுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்து மேதா வெளியே வந்தபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. முகக்கவசத்தை இறக்கினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கண்ணும் ஆயிடுச்சு. அச்சா ஹுவா. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தா இன்னும் தெளிவா சொல்வேன், ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. இன்னும் மூணு நாலு நாள் போயிருந்தா..." கையை விரித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பவுனு அழவில்லை. குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "டாக்டரம்மா, தலைக்கு எப்ப ஊத்தலாம்?"

மேதாவுக்குப் புரியவில்லை. தங்கம் விளக்கியதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியண்ணனும் சிரித்தான். அனந்தகிருஷ்ணன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

ஜெனி அன்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி, வண்டி கடைசி ஸ்டேஷனில் போய் நின்ற பிறகு ஒரு காவலர்தான் தட்டி எழுப்பினார். எதிர்ப் பக்கம் போய் மறுபடியும் ஏற வேண்டியிருந்தது. அதுகூட எரிச்சலாக இல்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. வந்தவர்கள் உட்கார்ந்ததுமே அனந்தகிருஷ்ணன் ஆறு பெயர்கள் கொண்ட தாளை எடுத்து நடுவில் வைத்தார். என்ன நடந்தது, கருவியிலிருந்து பெயர்களை எடுத்தது யார், அழிக்கச் சொன்னது யார் எல்லாவற்றையும் தானே சொன்னார். மேனேஜர் மேஜைக்கு அடியில் அவர் காலைத் தட்டியதாகப் பிற்பாடு சொன்னார்கள், அவர் நிறுத்தவில்லை. மருத்துவமனை நிர்வாகி அரை மணி நேரம் கத்தினார். கத்துவதற்கு நியாயம் இருந்தது. கத்தி முடித்ததும், இனிமேல் அந்தப் பெயர்ப் பட்டியல் வாராவாரம் இல்லை, தினமும் வேண்டும், டாக்டருக்கும் நேராகப் போக வேண்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்க ஜெனியும் அனந்தகிருஷ்ணனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கருவி இப்போது எண்ணைக் கடைசியில் சொன்னது. பெயர்களை முதலில் சொன்னது. டெலீட் ஸ்விட்சை அவர் கருவியிலிருந்தே எடுத்துவிட்டார். மருத்துவமனைத் திரையும் திறக்காத படத்தைத் தாண்டிப் போவதில்லை. அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே சிவப்பில் 'படம் வரவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று காட்டும். பழைய படங்களையெல்லாம் அந்த வழியில் ஓட்டிப் பார்த்தபோது, வேறெந்தக் குழந்தையும் அப்படி விடுபடவில்லை என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அனந்தகிருஷ்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேதா பார்த்துவிட்டு, நெளிந்த குழாய்கள் அடங்கத் தொடங்கிவிட்டன என்றார். அதற்கடுத்த வாரம் இன்னும் அடங்கியிருந்தன.

ஜூன் மாதம், லூ என்கிற அனல் காற்று அடிக்கிற ஒரு மதியம். ஏ.சி. ஒழுங்காக ஓடுகிறதா என்று மெஷின் அறையில் ஜெனி பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கம். பின்னணியில் ஒரே கூச்சல்.

"மக்ளே, பவுனு பிள்ளையக் கொண்டாந்திருக்கா. மேதா டாக்டரு ஒரு சிவப்புப் பந்தை இப்பிடி ஆட்டினாங்க. இந்தப் பக்கம் கொண்டு போனா இந்தப் பக்கம் பாக்குது, அந்தப் பக்கம் கொண்டு போனா அந்தப் பக்கம் பாக்குது! பந்தைக் குடுக்கலன்னு இப்போ ஒரே அழுக, கேளு!"

ஜெனி கேட்டாள். நல்ல தெம்பான அழுகை. போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அனந்தகிருஷ்ணனைக் கையாட்டிக் கூப்பிட்டாள். அவர் என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்தார். போனை அவர் காதில் வைத்தாள்.